சிவப்பு மூடி

குடை பெட்டிக்கு... மழை ஆளுக்கு.

அப்படி ஒரு மனிதனை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். காலை ஏழே முக்கால் மணி. பஸ்ஸிலிருந்து இறங்கியவள் கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மருத்துவமனை வாசலை நோக்கி ஓடினாள். ஆறு வருடம் வெளிநாட்டில் பனியில் நடந்து பழகிய கால்களுக்கு, சொந்த ஊர் மழையில் எங்கே மிதிப்பது, எங்கே தாண்டுவது என்பதெல்லாம் மறந்துபோயிருந்தது. புது வெள்ளைக் கோட்டில் சேறு தெறித்துவிடுமோ என்ற கவலை வேறு. குனிந்த தலை நிமிராமல் ஓடியவள், வாசல் திருப்பத்தில் யார் மீதோ பலமாக மோதினாள்.

"என்னை இடிச்சா பரவாயில்லைங்க... பெட்டிய இடிக்காதீங்க."

நிமிர்ந்து பார்த்தாள். நெஞ்சோடு அணைத்த ஒரு நீலப் பெட்டி. அதன் மேல் அக்கறையாக விரித்துப் பிடித்த குடை. குடைக்கு வெளியே, தொப்பலாக நனைந்துகொண்டு அவன்.

"அப்படி என்னங்க இருக்கு அதுக்குள்ள?"

"இருபத்திமூணு பேர் இருக்காங்க," என்றான், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

பைத்தியமா, கேலியா என்று புரியாமல் விழித்தாள். அவனுடைய இமைகளில் மழைத்துளிகள் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் துடைக்க முடியாமல் கண்களைச் சிமிட்டினான். ஒரு துளி உதிர்ந்தது. இன்னொன்று உதிரவா வேண்டாமா என்று நின்றது... அதைத் துடைத்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. முதல் நாள் வேலைக்கு வந்த டாக்டருக்குத் தோன்றக்கூடாத எண்ணம்தான். தோன்றிவிட்டதே, என்ன செய்ய?

அதற்குள் அவன் விலகிப் போய்விட்டான். குடையும் பெட்டியும் கவனமாகப் படியேறின. அவன் அவற்றின் பின்னால் நனைந்துகொண்டே போனான்.

இரண்டாவது வார்டின் மூத்த நர்ஸுக்கு ஒரு திறமை உண்டு. யாரைப் பார்த்தாலும் பத்து நிமிடத்தில் பட்டப்பெயர் வைத்துவிடுவார். இவளுக்கு 'ஃபாரின்' என்று வைத்தார். வெளிநாட்டில் மருத்துவம் முடித்துவிட்டு, இங்கே தகுதித் தேர்வும் எழுதித் தேறி, ஒரு வருடப் பயிற்சிக்கு வந்திருக்கிறாள் என்று சொல்வதை விட அது சுருக்கமாக இருந்தது. அந்த ஒரு வருடத்தை நல்லபடியாக முடித்தால்தான் மேற்படிப்பு. குழந்தை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது பன்னிரண்டு வயதிலிருந்து அவள் மனதில் இருந்த ஆசை. அப்பாவோ அதைப் பற்றித் தெருவில் பாதிப் பேரிடம் சொல்லி முடித்துவிட்டார்.

ஆறாவது கட்டிலில் ரத்தசோகையோடு ஒரு தையல்கார அம்மா. அவருக்குத்தான் அவள் இந்த ஊரில் முதன்முதலாக ஊசி குத்தினாள். ஒரே குத்து, நரம்பு கிடைத்துவிட்டது. தன் கையைத் தானே மெச்சிக்கொண்டு ரத்தத்தைக் குழாயில் விட்டு, மூடியை அழுத்தி, பெயர் எழுதிக் கீழே ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.

அங்கேதான் வினை. ரத்தத்தை எந்தச் சோதனைக்கு எடுக்கிறோமோ, அதற்கேற்ற நிற மூடி போட்ட குழாயில் விட வேண்டும். அவள் படித்த நாட்டில் அணுக்களை எண்ணுவதற்குச் சிவப்பு மூடி. அந்தக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து இருக்கும். இங்கே அதே வேலைக்கு ஊதா மூடி. இங்கே சிவப்பு என்றால் ரத்தத்தை உறைய விடுவதற்கான குழாய். அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். காலையில் வேலையில் சேரும்போதே சொல்லிக்கொடுத்தார்கள், தலையாட்டினாள். ஆனால் தலைக்குத் தெரிந்தால் போதுமா, கைக்கும் தெரிய வேண்டாமா? ஆறு வருடப் பழக்கத்தில் கை தன்பாட்டில் சிவப்பை எடுத்துவிட்டது.

அரை மணி நேரத்தில் வார்டு போன் அடித்தது. ஆறாவது கட்டில் ரத்தம் உறைந்துவிட்டது, மறுபடி எடுத்து அனுப்பவும் என்று ஒரு ஆண் குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அவளுக்கு முகம் சிவந்தது. தையல்கார அம்மா மட்டும் மறு பேச்சு பேசாமல் அடுத்த கையை நீட்டினார்.

"குத்து கண்ணு. ஊசி எனக்கென்ன புதுசா..."

இரண்டாவது குழாயைத் தானே எடுத்துக்கொண்டு கீழே போனாள். ஆய்வகத்துக்கு ஒரு சின்ன ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள். இமை ஓரம் இன்னும் ஈரம் காயவில்லை. காலையில் பார்த்த அதே கண்கள்...

அந்த நீலப் பெட்டியில் இருந்த இருபத்திமூன்று பேர் யார் என்று அப்போதுதான் புரிந்தது. எதிர்க் கட்டிடத்தின் வெளிநோயாளிகளுடைய ரத்தம்.

அவன் ஒரு நீள நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தான். தேதி, வார்டு, கட்டில், மருத்துவர் பெயர், காரணம். மருத்துவர் பெயர் என்ற இடத்தில் அவளுடைய பெயர் அழகான கையெழுத்தில் உட்கார்ந்திருந்தது. முதல் நாள்தானே, இதை எழுதாமல் விடக்கூடாதா என்று கேட்டாள். கெஞ்சலாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது அதட்டலாகிவிட்டது.

"முதல் நாள்னு அந்தம்மாவுக்கு வலிக்காம இருந்துச்சா டாக்டர்?" என்றான் அவன். "இந்த நோட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான். சீஃப் டாக்டர் பேரு வந்தாலும் எழுதுவேன்."

மேலே வந்ததும் மூத்த நர்ஸ் மீதி விவரத்தைச் சொன்னார். கீழே இருப்பவனுக்கு அவர் வைத்த பெயர் 'சல்லடை'. பதினொரு வருடமாக அவனைத் தாண்டி ஒரு தப்பான குழாய் உள்ளே போனதில்லை. அந்த நோட்டு மாதக் கடைசியில் தலைமை மருத்துவரிடம் போகும். திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொரு குழாயும் ஒரு நோயாளிக்கு இரண்டாவது ஊசி என்பது தலைமை மருத்துவர் அம்மாளின் கணக்கு. பயிற்சி மருத்துவர் யாருடைய பெயராவது வருடத்தில் மூன்று முறை வந்தால், பயிற்சி மூன்று மாதம் நீளும். நீண்டால் அந்த வருட மேற்படிப்பு இடம் கையை விட்டுப் போகும்.

அன்றைக்கு அவள் அவனை மனதாரத் திட்டினாள். அழகான கண் இருந்தால் மட்டும் போதுமா என்று நடுநடுவே யோசித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது முறை, இரண்டாம் மாதத்தில் வந்தது. ஒரே காலையில் பதினாறு பேருக்கு ரத்தம் எடுத்த அவசரத்தில் ஒரு சிவப்பு. இம்முறை அவனே மேலே வந்தான். போனில் சொல்ல மனம் வரவில்லை போலிருக்கிறது. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அவன் இரண்டு படி கீழே நின்று, கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். ஊதா மூடி போட்ட காலிக் குழாய்.

"காலாவதியானது. எதுக்கும் ஆகாது. பாக்கெட்லயே வெச்சுக்கோங்க... கை அதைத் தொட்டுத் தொட்டுப் பழகட்டும்."

ஒரு பெண்ணுக்கு ஒருவன் கொடுக்கிற முதல் பரிசு காலாவதியான ரத்தக்குழாயாக இருந்த கதை வேறெங்கும் உண்டா? அவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

வீட்டிலும் ஒரு பயிற்சி நடந்தது. அவளுடைய அண்ணி இதைக் கேட்டதும் சமையலறை டப்பாக்களின் மூடிகளுக்கெல்லாம் வண்ணம் அடித்துவிட்டாள். தினம் எடுக்கிற சர்க்கரைக்கு ஊதா, தொடவே கூடாத டப்பாவுக்குச் சிவப்பு. அதில் உப்பு. ஒரு வாரம் வீடே அவதிப்பட்டது. மகள் போட்டுக்கொடுத்த தேநீரை ஒரு வாய் குடித்த அப்பா கண்ணை மூடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். டாக்டருக்குப் படித்தது ஒருத்தி, மருந்து குடிப்பது நானா என்று அம்மாவிடம் முறையிட்டார். எட்டாம் நாள் தேநீர் இனித்தது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நோட்டில் அவள் பெயர் ஏறவில்லை.

ஆனால் ஜன்னலுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. முதலில் காரணத்தோடு போனாள். பிறகு காரணத்தைத் தேடிக்கொண்டு போனாள்... மதிய இடைவேளையில் தன் நோயாளிகளின் ரத்தத்தைத் தானே பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் உள்ளேயே போய்விட்டாள். ஜன்னல் ஓரம் இருந்த நுண்நோக்கியில் அவன் அவளை உட்கார வைத்தான். கண் வைத்துப் பார்த்தாள். தனித்தனியாக இரண்டு வெளிச்ச வட்டங்கள்.

"எனக்கு ரெண்டா தெரியுதே."

"ரெண்டு கண்ணுக்கும் நடுவுல உள்ள தூரம் ஒவ்வொருத்தருக்கும் வேற வேற. அதுக்கேத்த மாதிரி நகர்த்தணும்... மெதுவா... இப்ப?"

வட்டங்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கின. தொட்டன. ஒன்றாகிவிட்டன. உள்ளே இளஞ்சிவப்பாய் ஆயிரக்கணக்கான அணுக்கள் அசையாமல் கிடந்தன. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவன் குனிந்து அளவைப் படித்தான்.

"உங்களுக்கு அறுபது. எனக்கு அறுபத்தாறு."

அவ்வளவுதான் பேசினார்கள். அன்று முழுவதும் அந்த அறுபது அவள் காதுக்குள் ஒலித்துக்கொண்டிருந்தது. கண்ணைப் பற்றி யார் யாரோ அவளிடம் அதுவரை எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். அளந்து சொன்னவன் இவன் ஒருவன்தான்.

பத்து நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் போனாள். அவன் இல்லை. ஜன்னல் ஓரத்து நுண்நோக்கியில் கண் வைத்தாள். எதையும் நகர்த்தவில்லை. ஒரே வட்டம். அளவைப் பார்த்தாள், அறுபதில் நின்றது. பக்கத்து மேஜைப் பெண் தலையை நிமிர்த்தாமலே, அதை யாரும் தொடக்கூடாது என்பது சல்லடையின் உத்தரவு என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். டாக்டருக்குக் கன்னம் சூடாகிவிட்டது. தனக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். அவனுக்கும் அப்படித்தான் என்பது இப்போது தெரிந்தது. இனி யார் முதலில் வாயைத் திறப்பது என்பதுதான் பாக்கி.

அந்தச் சமயம் பார்த்து ஒரு கடிதம் வந்தது. குழந்தை மருத்துவ மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அரை நாள் ரயில் பயணத்தில் இருக்கிற பெரிய நகரம். மூன்று வருடம். பயிற்சி முடிந்த மறு வாரமே சேர வேண்டும்.

வீட்டுக்குச் சொல்வதற்கு முன்பே ஆய்வக ஜன்னலுக்கு ஓடினாள். மூச்சு வாங்கச் சொன்னாள். அவன் அந்தக் கடிதத்தை முழுவதும் படித்தான்.

"ரொம்ப சந்தோஷம் டாக்டர்," என்றான். திரும்பிப் போய் இயந்திரத்தில் குழாய்களை அடுக்க ஆரம்பித்தான்.

அவ்வளவுதானா... இன்னும் ஏதாவது சொல்வான் என்று ஜன்னலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். இயந்திரம் சுற்றுகிற சத்தம்தான் கேட்டது. அன்றிலிருந்து அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். கேட்டால் வேலை அதிகம் என்றான். போகிறவளைப் போகாதே என்று சொல்ல நான் யார் என்று அவன் தனக்குள் தினம் நூறு முறை கேட்டுக்கொண்டது அவளுக்கு எப்படித் தெரியும்? ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு ஒரு ரோஷம். அந்தப் பக்கம் நிற்பவளுக்கு அதை விடப் பெரிய ரோஷம். அவள் போவதை நிறுத்திவிட்டாள்.

பதினோராவது மாதம். ஒரு மத்தியானம், வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. நாலு வயதுப் பெண் குழந்தையை நனைந்த துண்டில் சுற்றி ஒரு தகப்பன் தூக்கி வந்தான். அனலாய்க் காய்ச்சல், வலிப்பு. கட்டிலில் கிடத்தி, மருந்து ஏற்றி, வலிப்பு நின்ற அந்த நிமிடத்தில் ரத்தம் எடுத்து அனுப்பினாள். கை நடுங்கவில்லை என்று மட்டும் கவனித்தாள். மற்ற எதையும் கவனிக்கவில்லை.

சிறிது நேரத்தில் போன் வந்தது. அளவு போதவில்லை, இன்னும் இரண்டு மில்லி வேண்டும், நானே மேலே வருகிறேன் என்றான் அவன். வந்தான், காலிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு. இரண்டாவது முறை குத்தும்போது குழந்தைக்கு நினைவு திரும்பியிருந்தது. அவளுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு வீரிட்டு அழுதது. அவன் குழாயை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினான். முடிவு சீக்கிரம் வந்தது. சரியான மருந்து போனது. நாலாம் நாள் அந்தக் குழந்தை காய்ச்சல் அட்டையின் பின்பக்கத்தில் யானை வரைந்துகொண்டிருந்தது.

அதே குழந்தையின் முதல் நாள் ரத்தத்தில் இன்னும் ஒரு சோதனை பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் அவள் ஆய்வகத்துக்குப் போனாள். எந்தக் குழாயையும் ஏழு நாள் குளிர்பெட்டியில் வைத்திருப்பது அங்கே விதி. தேடினாள். குழந்தையின் பெயரில் இரண்டு குழாய்கள். ஒன்று ஊதா, அவன் கொண்டுவந்தது. இன்னொன்று சிவப்பு. உள்ளே கெட்டியாய் உறைந்த ரத்தம். வெளியே 'அணுக்கள் எண்ணிக்கை' என்று அவளுடைய கையெழுத்து.

நோட்டை எடுத்துப் புரட்டினாள். அன்றைய தேதியில் எதுவும் இல்லை. நோட்டில் மறைக்க முடிந்தவனுக்கு, விதியை மீறிக் குழாயைத் தூக்கிப் போட மட்டும் கை வரவில்லை போலிருக்கிறது.

அவன் பின்னால் வந்து நின்றான். சிவப்புக் குழாய் அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகக்கவசத்தைக் கீழே இறக்கினான்.

"அளவு போதலைன்னு சொன்னது பொய்யா?"

"ஆமா."

"ஏன் எழுதலை?"

"எழுதினா மூணாயிடும். உங்க சீட்டு போயிடும்."

"நோட்டு எல்லாருக்கும் ஒண்ணுன்னு சொன்ன ஆள் நீங்க. பதினொரு வருஷமா யாருக்கும் பண்ணாததை எனக்கு எதுக்குப் பண்ணீங்க? நான் கேட்டேனா?" குழாயை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஜன்னல்கிட்ட வந்தா பேச நேரம் இல்ல. என்னை இந்த ஊரை விட்டு அனுப்பி வைக்க மட்டும் இவ்வளவு அவசரமா?"

அவன் நிமிர்ந்தான். அவள் குழாயை மேஜை மீது வைத்துவிட்டு வெளியே வந்தாள். படியேறும்போதுதான் தெரிந்தது, தப்பு செய்ததை விட, இவன் தன்னை அனுப்பத் துடிக்கிறானே என்பதுதான் அதிகம் வலிக்கிறது என்று.

சாயங்காலம் வீட்டுக் கூடத்தின் நடுவில் பெரிய சூட்கேஸ் திறந்து கிடந்தது. அப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாமல் ஏறிய சொந்த மச்சானையே அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டவர். அந்த மச்சானின் தங்கையான அம்மா இன்றைக்கும் அதை மன்னிக்கவில்லை. மகள் போக வேண்டிய ரயில், பெட்டி, இருக்கை எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சூட்கேஸின் மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாவது தப்பு நடந்துவிட்டது, அது யாருக்கும் தெரியாது, வாயை மூடிக்கொண்டால் போய்விடலாம், ஆனால் நாளைக் காலையில் சீஃபிடம் சொல்லப் போகிறேன் என்றாள். அம்மா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தரையைப் பார்த்தாள்.

"அந்தக் குழந்தை... ரெண்டாவது தடவை குத்தறப்ப அழுதுச்சா?" என்று கேட்டார் அப்பா.

"ரொம்ப அழுதுச்சுப்பா."

அவர் எழுந்து, சூட்கேஸை மூடி, நாற்காலி மேல் ஏறி, அதைப் பழையபடி பரணில் வைத்தார். அவருடைய முதுகைப் பார்க்கவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து கண்ட கனவு இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போகிறது. அவளுக்கு மட்டுமா, அவருக்கும்தான்.

அண்ணி அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சீட்டு போறதுக்கு இந்த அழுகை இல்ல இது. யாரு அந்த ஆளு?"

அண்ணி அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

மறு நாள் தலைமை மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். அவனையும் வரவழைத்தார். அவன் எதையும் மறுக்கவில்லை. பயிற்சி மூன்று மாதம் நீள்கிறது என்று அவளிடம் சொன்னார். மேற்படிப்புக்கு அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அவனிடமிருந்து நோட்டின் பொறுப்பு ஆறு மாதத்துக்கு வேறு ஆளுக்குப் போகிறது.

"அதுக்கு முன்னாடி இதை நீங்களே எழுதணும்," என்றார் அவனிடம். "இன்னைக்குத் தேதி போட்டு. காரணம்ங்கற இடத்துல, ஏன் மறைச்சீங்கன்னும் எழுதுங்க. கீழ ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. மாசக் கடைசியில நான் படிப்பேன்."

வாசலில் காதை வைத்துக்கொண்டிருந்த மூத்த நர்ஸ், ஒரே பக்கத்தில் இரண்டு பேருமா கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்து நமுட்டுச் சிரிப்போடு நகர்ந்தார்.

மதிய இடைவேளை. ஆய்வகத்தில் யாரும் இல்லை. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. அவன் நோட்டைத் திறந்து எழுத உட்கார்ந்தான். அவள் எதிரே உட்கார்ந்தாள். தேதி எழுதினான். வார்டு எழுதினான். அவளுடைய பெயரை எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் மெதுவானது. காரணத்துக்கு வந்ததும் பேனா அப்படியே நின்றுவிட்டது.

"என்ன எழுதறது..." என்றான், பாதி தனக்குத்தானே.

"உண்மையை எழுதுங்க. இரக்கப்பட்டேன்னு எழுதினாலும் பரவாயில்ல. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவன் அவளை ஒரு முறை பார்த்தான். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தான். அந்தக் கட்டம் சின்னது, போதவில்லை. கட்டத்தைத் தாண்டி ஓரத்திலும் எழுதினான். முடித்ததும் நோட்டை அவள் பக்கமாகத் திருப்பினான்.

'இதை எழுதினால் இவர் இன்னும் மூன்று மாதம் இங்கே இருப்பார் என்பது எனக்குத் தெரியும். இவர் போகக்கூடாது என்று நான் பல நாளாக ஆசைப்படுகிறேன். இப்போது வேலைக்காக எழுதப் போகிறேனா, அந்த ஆசைக்காக எழுதப் போகிறேனா என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அதனால் எழுதாமல் விட்டேன். தவறு என்னுடையது.'

அவள் ஒரு முறை படித்தாள். எழுத்தெல்லாம் நீரில் மிதப்பது போல் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள்.

"இதை சீஃப் படிப்பாங்க."

"தெரியும்."

"மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் வாசிச்சாலும் வாசிப்பாங்க."

"வாசிக்கட்டும். உண்மையைத்தானே எழுதச் சொன்னாங்க."

"நோட்டுல எழுதத் தெரியுது... என்கிட்ட ஒரு வார்த்தை வாயால சொல்லத் தெரியலையா?"

அவன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். "உங்களுக்கு முன்னால எவ்வளவு இருக்கு. நான் இந்த ஜன்னல்கிட்டயே இருக்கறவன். எனக்காக இருங்கன்னு எந்த வாயால சொல்றது?"

"இருன்னு சொல்லியிருந்தாலும் இருந்திருக்க மாட்டேன்," என்றாள் அவள். "அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் போடுவேன். கிடைக்கும். கிடைச்சதும் போவேன். எனக்கு அந்தப் படிப்பு வேணும்."

"வேணும். கண்டிப்பா போகணும்."

"நான் சொல்லி முடிக்கலை." ஒரு நிமிடம் மழையைப் பார்த்தாள். சொல்லிவிடு, இதை விட நல்ல நேரம் வராது என்று மனம் அடித்துக்கொண்டது... "ஆறு வருஷம் வெளிநாட்டுல இருந்தப்ப ஊருக்குத் திரும்பி வரணும்னு தினமும் நினைப்பேன். ஆனா யார்கிட்ட திரும்பி வரணும்னு ஒரு நாளும் தோணினது இல்ல. இப்ப தோணுது. எங்க போனாலும் உங்ககிட்டதான் திரும்பி வரணும்னு தோணுது. எனக்கு உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கு."

அவனுடைய கண்கள்... முகக்கவசம் இல்லாத முகத்தில் அந்தக் கண்களை இத்தனை பக்கத்தில் அவள் பார்த்ததில்லை. அவை சிரித்தன. சிரித்துக்கொண்டே நிறைந்தன.

"மூணு வருஷம்ங்க," என்றாள் மெல்ல. "காத்திருப்பீங்களா?"

"பதினொரு வருஷமா இந்த ஜன்னல்ல ரிசல்ட்டுக்குக் காத்திருக்கறவங்களைத்தான் பார்க்கறேன். கொஞ்சம் உட்காருங்க, வந்துடும்னு எல்லாருக்கும் சுலபமா சொல்லிடுவேன்." அவன் நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டான். "இப்ப என் முறை. உட்கார்ந்திருப்பேன். நீங்க வர்ற வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கும் நீங்கதான் வேணும்."

அவன் கையெழுத்துப் போட்டான். பேனாவை வாங்கி, அவனுடைய பெயருக்குக் கீழே, அவனுடைய பெயரை ஒட்டினாற்போல அவளும் போட்டாள். பால்பாயிண்ட் மை காய்வதற்கு நேரமே ஆகாது. அது இருவருக்கும் நன்றாகத் தெரியும். இருந்தாலும் காயட்டும், காயட்டும் என்று நோட்டை மூடாமல், இடைவேளை முடிந்து மணி அடிக்கும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.